டெஸ் இன்னும் தூங்குகிறாள்

மாவை ஈரத்துணியால் மூடி அடுப்பு மேடையின் ஓரத்தில் தள்ளி வைத்துவிட்டு, டார்லீன் மறுபடியும் கூடத்துக்கு வந்து நின்று காது கொடுத்தாள். படுக்கையறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில், கூர்ந்து கேட்டால் மட்டும் பிடிபடுகிற மாதிரி, மகளின் மூச்சு. தூங்கட்டும். அமெரிக்காவிலிருந்து விமானம் மாறி மாறி முந்தாநாள் மஸ்கட்டில் வந்து இறங்கிய பெண், நேற்றுப் பகல் முழுக்கக் கண்ணைத் திறந்தபடியே தூங்கினாள், கேட்டதற்கெல்லாம் உம் கொட்டினாள், தட்டில் வைத்ததை ஒதுக்கினாள். தூங்கி எழுந்ததும் சொல்லிவிட வேண்டும். எழுந்ததும் வேண்டாம், காப்பி குடிக்கட்டும். காப்பி குடித்து, சினமன் ரோல் ஒன்றைச் சூடாகப் பிய்த்துத் தின்று, விரலை நக்கிக்கொண்டு அவள் நிமிரும்போது சொல்லலாம். நான் திரும்பி வரப் போவதில்லை. இப்படிச் சொன்னால் ஏதோ சாகப்போகிறவள் சொல்வதுபோல் இருக்கிறது. நான் இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருக்கலாம் என்று நினைக்கிறேன். இது பொய், நினைத்தாயிற்று, முடிந்தும் ஆயிற்று. மாம் இங்கேயே இருந்துவிடுகிறேன் கண்ணே. கண்ணே கூடாது. இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் கண்ணே என்று கூப்பிட்டால் அடுத்து வருவது கெட்ட செய்தி என்று அவளுக்குத் தெரியும், அப்பாவும் அம்மாவும் பிரியப் போகிறோம் என்று சொன்ன அன்றைக்கும் கண்ணே என்றுதான் டார்லீன் ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை. மஸ்கட்டின் ரூவி பகுதியில் இந்தத் தெரு ஓசையில்லாமல் கிடந்தது. மற்ற நாட்களில் இந்நேரம் பின்பக்கம் லாரியில் டயர் இறக்குவார்கள், கரக் டீக்கடை வாசலில் கார்கள் ஹாரன் அடித்து டீ கேட்கும், எதிர்மாடியில் ஒரு குழந்தை குரானை நீட்டி நீட்டி ஓதும். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் அமெரிக்கர்களும் இங்கிலாந்துக்காரர்களும் கடற்கரைப் பக்கம் வேலி போட்ட வளாகங்களில் இருந்தார்கள். நீச்சல்குளம், பூனை, காகிதப்பூ. டார்லீனும் முதலில் அங்கேதான் இருந்தாள். அங்கே ராத்திரியும் பகலும் ஒரே மாதிரி அமைதி, தன் செருப்புச் சத்தம் தனக்கே கேட்கிற அமைதி. ஒரு நாள் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றதைத் தானே கவனித்துவிட்டு, அடுத்த மாதம் இந்த மூன்றாம் மாடிக்கு மாறினாள். பைத்தியமா உனக்கு, அங்கே எல்லாம் இந்தியர்கள், பங்களாதேஷ்காரர்கள் என்றார்கள். ஆமாம், அதனால்தான் சத்தம் இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள், மனிதர்களைச் சத்தமாகவா வைத்துக்கொள்வது. ஆனால் அதுதான் உண்மை. கீழ்வீட்டு ஜுலைஹா மசாலா அரைக்கிற மிக்ஸி காலையில் ஓடாவிட்டால் இவளுக்கு நாள் தொடங்குவதில்லை.

துணியை நீக்கிப் பார்த்தாள். அதற்குள் மாவு இரண்டு மடங்காகியிருந்தது. சொந்த ஊர் டலூத்தில் ஜனவரி மாதம் இதே மாவை வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டி வைத்து, மேலே கம்பளி போர்த்தி, பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டும். வெளியே சுப்பீரியர் ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் உறைந்து கிடக்கும், பனி விரிசல் விடும் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும், குட்டி டெஸ் ஸ்டூல் போட்டு ஏறிக் கம்பளியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள், தூக்காதே, அதற்குக் குளிரும் என்று சொன்னால் மாவுக்குக் குளிருமா என்று கேட்பாள். இங்கே ஏப்ரலிலேயே மாவு பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. முதல் தடவை அப்படிப் பொங்கி வழிந்ததைப் பார்த்து ஜுலைஹா சிரித்தாள், அவள் ஊர் ஆப்ப மாவும் இப்படித்தானாம். காயல்பட்டினம். அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்ல டார்லீனுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஜுலைஹா அவளை முதல் நாள் படிக்கட்டில் பார்த்து, லாத்தா, என்றாள். லாட்டே காப்பி வேண்டும் என்கிறாள் போல என்று நினைத்து டார்லீன் உள்ளே கூப்பிட்டுப் பால் காய்ச்சினாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டு காப்பி குடித்தார்கள். பிற்பாடுதான் தெரிந்தது, அது அக்காவைக் கூப்பிடுகிற சொல். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக ஜுலைஹா நிறையச் சொல்லிக்கொடுத்தாள். ஊரை விட்டு வந்து வெளிநாட்டில் சம்பாதிக்கிறவனை அவர்கள் சபராளி என்பார்களாம். தகப்பன் சபராளி, அண்ணன்மார் சபராளி, புருஷன் சபராளி. "நீங்களும் அதுதான் லாத்தா. பொம்பளச் சபராளி. எங்க ஊருல யாரும் பாத்திருக்க மாட்டாங்க." ஆஸ்பத்திரியில் இவளுக்கு எக்ஸ்பாட் என்று பெயர், தரை துடைக்கிறவருக்கு லேபர் என்று பெயர், எல்லாரும் ஊரை விட்டு வந்தவர்கள்தான், ஆனாலும் இரண்டு பெயர். ஒரே சொல்லுக்குள் தன்னையும் சேர்த்து அடைத்த அந்த நிமிஷம் ஏனோ நெஞ்சு லேசானது.

மாவைத் தட்டி இறக்கிப் பலகையில் போட்டாள். காற்று போய் அது தொய்ந்து படுத்தது. உள்ளங்கையின் கீழ்ப்பகுதியால் தள்ளு, மடி, திருப்பு. நோயாளியின் முதுகும் இப்படித்தான், அவசரப்பட்டால் இறுகிக்கொள்ளும். யாரிடமும் கேட்காமல் முடிவு செய்தாயா? கேட்பாள். டெஸ் நிச்சயமாக இதைக் கேட்பாள். யாரிடமும் கேட்கவில்லை. பிப்ரவரியில் மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஜூனோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் மூன்று வருஷம் இருக்கிறீர்களா, பிசியோதெரபி பிரிவைப் பொறுப்பெடுத்து நடத்துவீர்களா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள், இருக்கிறேன் என்று வந்தது. அவ்வளவுதான். வண்டியை நிறுத்தும் இடத்துக்கு வந்து, சூடேறிய ஸ்டீயரிங்கைத் தொட முடியாமல் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பயம் வந்தது. என்ன செய்துவிட்டாய். ஜூனில் வந்துவிடுவேன் என்று டெஸ்ஸிடம் முன்பே சொல்லியிருந்தாள். சொன்னபோது அது பொய்யில்லை. போன வருஷம் லீவில் டலூத் போகிற வரைக்கும் பொய்யில்லை. அங்கே சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அடுக்கியிருந்த வரிசையின் முன்னால் நின்றாள்; கூடப் படித்தவள் ஒருத்தி தோளைத் தட்டி, அட டார்லீன், இன்னும் அந்தப் பாலைவனத்திலா இருக்கிறாய், பயமாக இல்லையா, முகத்தை மூடிக்கொள்ள வேண்டுமா என்று மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கோபம் வரவில்லை. எல்லாரும் நல்லவர்கள். ஆனால் யாருக்கும் சொல்ல முடியாதபடி தனக்குள் ஒரு ஊர் இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. ரொட்டி வாங்க மறந்துவிட்டு வந்தாள்.

இங்கேயும் கேட்கத்தான் செய்கிறார்கள். எந்த நாடு? அமெரிக்கா என்றால் கேட்டவர் முகத்தில் சின்னதாக ஒரு மாற்றம். சிலருக்கு மலரும், சிலருக்கு மூடும், செய்தியில் எங்கேயாவது குண்டு விழுந்த வாரமாக இருந்தால் டாக்சிக்காரர் வாயைத் திறக்கவே மாட்டார். அதனால் நாட்டை விட்டுவிட்டு, தன் மாநிலத்தின் பெயரை, மினசோட்டா என்று சொல்லப் பழகினாள். அது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, ஓ, நல்ல இடம் என்பார்கள், ரொம்பக் குளிர் என்று இவள் சொல்வாள், இரண்டு பேரும் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டே போய்ச் சேர்வார்கள். குரியாத் என்ற கடலோர ஊரிலிருந்து சிகிச்சைக்கு வந்த மீன்பிடிக்கிற கிழவர் ஹமூத் மட்டும் விடவில்லை. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது; அதைத் தூக்கிப் பிடித்து இவள் மடக்கி நீட்டும்போதெல்லாம் விசாரணை. புருஷன்? இல்லை. பிள்ளை? மகள் ஒருத்தி. எங்கே? தூரத்தில் என்றாள், தெரிந்த அரபியில். கிழவர் பெருமூச்சு விட்டார். "என் மகனும் தூரத்துலதான் இருக்கான். சூர்ல." சூர் இரண்டு மணி நேரப் பயணம். சிரிப்பை அடக்கியபோது அவர் அடுத்ததைக் கேட்டார், நீ விழுந்தால் யார் தூக்குவார்? அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, இன்றைக்கும் குளியலறைத் தரையில் ஈரம் பார்த்தால் அந்தக் குரல் கேட்கிறது. நீ விழுந்தால் யார். தனியாக இருக்கும் பெண்கள் விழுகிறார்கள், அவளுக்குத் தெரியும், அவர்களின் இடுப்பையும் மணிக்கட்டையும் அவள்தான் சரி செய்கிறாள். ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்தேன் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறாள். டலூத்தில் விழுந்தால் டெஸ் வருவாள். இங்கே விழுந்தால் மிக்ஸியை நிறுத்திவிட்டு ஜுலைஹா வருவாள், வருவாளா, அவள் புருஷனுக்கு வேலை போய்விட்டால் அவர்களும் ஊருக்குப் போய்விடுவார்களே, இங்கே யாரும் நிரந்தரமில்லையே, எல்லாரும் விசாவில் வாடகைக்கு இருப்பவர்கள்தானே. அப்படியென்றால் எதற்காக இருக்கிறாய்? பதில் தெரியவில்லை. ஹமூத்தின் கை போன மாதம் தோள் வரைக்கும் எழுந்தது. அவர் அதை யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது பதிலாகுமா. மாலையில் வேலை முடிந்து வரும்போது மலைகளின் பழுப்பு மெல்ல ஊதாவாகி, எல்லாப் பள்ளிவாசல்களிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாங்கு எழும்போது மனசு இறங்கி உட்கார்கிறதே, அதை மகளிடம் பதில் என்று சொல்ல முடியுமா.

மாவை விரித்து, வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவினாள். பட்டை வாசம் எழுந்ததும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், வாசத்துக்கு எழுந்துவிடுவாளோ. கை துடைத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள். டெஸ் குப்புறப் படுத்திருந்தாள், ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. இப்படிப் படுத்தால் கழுத்து பிடிக்கும் என்று வாய் வரைக்கும் வந்தது. குழந்தையாக இருந்தபோதும் இப்படித்தான். நகத்தடியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. போனில் பார்க்கிற முகம் இவ்வளவு பெரியதில்லை. ஞாயிறுதோறும் பேசினார்கள், ஏழு வருஷமாக. அங்கே காலை, இங்கே மாலை. முதல் வருஷங்களில் டெஸ் கல்லூரி விடுதியிலிருந்து பேசுவாள், பின்னால் யாராவது சிரிப்பார்கள், சீக்கிரம் வைத்துவிடுவாள். பிறகு வேலை, பிறகு ஒரு பையன், பிறகு அந்தப் பையன் இல்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள், ஒன்றுமில்லாமல், மாம், நீ எப்போது வருகிறாய், என்று கேட்டாள். குரலில் ஏதோ இருந்தது. டார்லீன் மறுபடியும் ஜூன் என்றாள். அது மேலாளரிடம் பேசியதற்கு முன்பா பின்பா? பின்பு. அதுதான் சங்கதி. இருக்கிறேன் என்று மேலாளரிடம் சொன்ன வாரத்தில், வருகிறேன் என்று மகளிடம் சொன்னாள். இரண்டையும் மனசார. ஒரே வாயில் இரண்டும் எப்படி வரும் என்று கேட்டால் அவளால் விளக்க முடியாது. அதனால்தான் டிக்கெட் வாங்கி அனுப்பினாள், வா, வந்து பார் என்றாள். பார்த்தால் அவளுக்கே புரியும், சொல்ல வேண்டியிருக்காது என்று ஒரு கோழை எண்ணம். நேற்று டெஸ் பார்த்ததெல்லாம் சுடுகிற தெருவும், டயர் லாரியும், தண்ணீர்த் தொட்டிகள் அடுக்கிய மொட்டைமாடியும்தான்.

ரோல்களை வெட்டித் தட்டில் அடுக்கினாள். அடுக்கியதும் அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உப்ப ஆரம்பித்தன. ஓவனைப் பற்ற வைத்தாள். நீலச் சுடர் ஒரு சுற்று ஓடியது, தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினாள். இனி எழுந்தாலும் சரி. நான் இங்கேயே இருக்கப் போகிறேன், நீ வந்து வந்து போகலாம். வந்து வந்து போகலாமா, எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாய், உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து. இந்த வருஷம் நான் வருகிறேன், கிறிஸ்துமஸுக்கு. ஏரி ஓரத்தில் உறைய ஆரம்பித்திருக்கும், கரையில் நடக்கலாம். கண்ணாடி வழியே பார்த்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. குனிந்து மண்டியிட்டாள். சுடர் இல்லை. திருகினாள், உஸ் என்று கூட வரவில்லை. வெளி பால்கனியில் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள், எடையே இல்லாமல் கையோடு வந்தது. வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து சாயங்காலம்தான் கேஸ் வண்டி வரும். தீப்பெட்டியோடு மறுபடி ஓவன் முன்னால் மண்டியிட்டு, எதற்கென்று தெரியாமல் இன்னொரு தடவை திருகினாள்.

"என்ன பண்றே மாம்?"

டெஸ் வாசலில் நின்றாள், தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம்.

"கேஸ் தீந்துபோச்சு," என்றாள் டார்லீன். திரும்பவில்லை. ஓவனின் இருட்டைப் பார்த்தபடியே, "நான் ஜூன்ல வரல. இன்னும் மூணு வருஷம் இங்க இருக்கேன்னு சொல்லிட்டேன்," என்றாள்.

காப்பி இல்லை, சூடான ரோல் இல்லை, ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியம்கூட இல்லை. ஓடு பதித்த தரையில் முழங்கால் வலித்தது. எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. 

"நான் ரெண்டு ரூம் வீடா பாத்து எடுத்திருக்கேன்," என்றாள் டெஸ். "ஏரி தெரியற மாதிரி. உன் ரூமுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சேன். கிளம்பறதுக்கு முந்தின நாள்."

அந்த நகம். டார்லீன் மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.  நோயாளி வலியில் இருக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது, தொட்டால் கையை எடுக்கக் கூடாது. டெஸ்ஸின் தோளில் கையை வைத்தாள். தோள் இறுகியது. டார்லீன் கையை எடுக்கவில்லை.

"கோவமா?"

"ஆமா." டெஸ் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அடிக்கும்போதே ஒரு மாதிரி இருந்தது. நீ ஆஸ்பத்திரிலேர்ந்து கிளம்பும்போது போன்ல என்ன சொல்லுவே? வீட்டுக்குப் போயிட்டிருக்கேன்னு சொல்லுவே. டலூத்தப் பத்திப் பேசினா உங்க ஊர்ல குளிரா இருக்கான்னு கேப்பே. உங்க ஊர்னு. நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"நான் அப்படியா சொன்னேன்?"

"ரெண்டு வருஷமா சொல்றே."

டார்லீன் வெட்கத்தோடும் ஆச்சரியத்தோடும் நின்றாள். அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் துணியாததை அவள் நாக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிவிட்டிருக்கிறது, மகளும் கேட்டு வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள், தெரிந்துகொண்டே ஒரு சுவருக்கு மஞ்சள் அடித்திருக்கிறாள். "அப்புறம் ஏன் அடிச்சே?"

"நீ வந்தாலும் வருவேன்னுதான். இப்பவும் அந்த ரூம் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு வருவேதானே?" கையின் கீழே தோள் மெல்ல இறங்கியது. டெஸ் ஓவன் பக்கம் பார்த்தாள். "அது என்ன, அது தட்டைத் தாண்டி வெளிய வருதே. மாம், அதை எங்கயாவது சுடணும். எனக்குப் பசிக்குது."

நேற்றிலிருந்து அவள் வாயில் வந்த முதல் பசி. தட்டைத் துண்டால் மூடி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள், டெஸ் வெறுங்காலோடு. படிக்கட்டில் பிரியாணி மணந்தது. கதவைத் திறந்த ஜுலைஹா தட்டைப் பார்த்து, அந்தப் பெண்ணைப் பார்த்து, எதுவும் கேட்காமல் வழிவிட்டாள். அவளுடைய ஓவனில் அடுக்கியிருந்த வாணலிகளையெல்லாம் வெளியே எடுத்து வைத்தாள், தட்டை உள்ளே தள்ளினாள், இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தாள். கலங்கிய கண்கள் இரண்டு ஜோடி அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

"ரொம்ப நாளா மனசுல கெடக்குது, கேட்டுர்றேன்," என்றாள் டெஸ்ஸிடம், தன் ஆங்கிலத்தில், மெதுவாக. "அம்மாவ எப்ப கூட்டிட்டுப் போகப் போறே? எனக்குக் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடு. திடீர்னு போனா தாங்க மாட்டேன்."

டார்லீன் வாயைத் திறந்தாள். டெஸ் முந்திக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போகல. அம்மா வீடு மேல இருக்கு," என்று விரலால் கூரையைக் காட்டினாள். குரல் நடுவில் சற்று உடைந்து, பிறகு நேரானது. "நான் வருவேன். லீவு கெடைக்கும்போதெல்லாம்."

 ஜுலைஹா நாற்காலியில் கிடந்த துணிகளை வாரி எடுத்துவிட்டு அதைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டாள். "அப்ப உக்காரு. அடுத்த தடவை வரும்போது உனக்குப் புடிச்சதை ஆக்கி வைக்கிறேன். என்ன புடிக்கும் உனக்கு?"

"தெரியலையே. உங்க சாப்பாடு எதுவும் நான் சாப்பிட்டதில்ல."

"இன்னைக்கு சாப்பிட்டுட்டு சொல்லு," என்று பிரியாணிச் சட்டியின் மூடியைத் தூக்கினாள் ஜுலைஹா. ஆவி கிளம்பி மூவர் முகத்திலும் அடித்தது. டெஸ் எட்டிப் பார்த்து, இது என்ன, இது என்ன என்று கேட்க ஆரம்பித்தாள். டார்லீன் சுவரில் சாய்ந்து நின்றாள். ஓவனுக்குள் வெண்ணெய் உருகத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரம் அவள் எதையும் யோசிக்கவில்லை.